ஏற்றமும் ராக்கர் ஆர்மும்

முதுகலைப் பட்டம் வாங்கியது இயந்திரப் பொறியியலில். சோறு போடுவது மென்பொருள். இந்த உறுத்தல் தீர, வார இறுதிகளில் என் பழைய பிக்கப் ட்ரக்கோடு மல்லுக்கட்டுவதுண்டு. சென்ற குளிர்காலத்தில் அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினில் ராக்கர் ஆர்ம்களை மாற்றிச் சக்தியைக் கூட்டலாம் என்று இறங்கினேன்.

ராக்கர் ஆர்ம் என்றால் என்ன? ஊர்க் கிணற்றடியில் ஏற்றம் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். நட்ட காலின் மேல் ஒரு துலா. ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். இவ்வகை எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கீழே, நடுவில் இருக்கிறது. அதன் மேடு லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடியாக வேண்டும்.

இந்தத் துலாவின் இரு கைகளும் சம நீளமல்ல. 1955-இல் வந்த ஷெவர்லே வி-8 எஞ்சினில் விகிதம் 1.5, 1997-இல் வந்த எல்எஸ்1 எஞ்சினில் 1.7. அதாவது கேமின் மேடு 7 மி.மீ. தூக்கினால் வால்வு 11.9 மி.மீ. திறக்கும். 1.8 விகித ராக்கரைப் போட்டால் 12.6 மி.மீ. கேம் ஷாஃப்டைத் தொடாமலே கூடுதல் காற்று! என் வண்டிக்கும் 1.7 தான். காகிதத்தில் கணக்குப் போட்டு மகிழ்ந்துபோனேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற மெக்கானிக். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் தாங்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. திறந்த நிலையில் ஸ்பிரிங் 100 கிலோ விசையோடு எதிர்க்கிறது என்று கொள்வோம். 1.7 விகிதத்தில் புஷ்ராடின் மேல் 170 கிலோ. இரண்டும் சேர்ந்து நடு அச்சின் மேல் 270 கிலோ. விகிதம் 1.8 ஆனால் 180, 280. வால்வு ஆழமாக இறங்குவதால் பிஸ்டனோடு உள்ள இடைவெளி குறையும். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று முட்டலாம். ஸ்பிரிங் வலுவிழந்திருந்தால், வேகத்தில் வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். மிக வலுவான ஸ்பிரிங் போட்டால் மெல்லிய புஷ்ராட் வளையும்.

ஒரு ராக்கரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நடு அச்சைச் சுற்றி மெல்லிய ஊசி உருளைகள். உருளை பேரிங் முழுச் சுற்று சுற்றும் இடத்துக்கு உகந்தது. ராக்கரோ சில டிகிரி மட்டும் ஆடுகிறது. அதே நாலைந்து ஊசிகள் ஒரே இடத்தில் அடிவாங்கி, அச்சில் பள்ளம் விழும். மூடி கழன்றால் ஊசிகள் எண்ணெயோடு எஞ்சினுக்குள் போகும். பாரத்தைப் பரப்பித் தாங்கும் வெண்கலப் புஷ் போட்டால் உதிர்வதற்கு ஊசியே இல்லை.

ஆகவே விகிதத்தை 1.7 ஆகவே விட்டுவிட்டோம். பதினாறு ராக்கர்களுக்கும் வெண்கலப் புஷ், புது ஸ்பிரிங்குகள், தடித்த சுவருள்ள புஷ்ராடுகள். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும், இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்த பிறகே ஸ்பிரிங்கைத் தொட விட்டார். முதல் ஸ்பிரிங் கழன்றபோது என் கை நடுங்கியது. அலுவலகத்தில் தவறு செய்தால் பழைய நிரலுக்குத் திரும்பிவிடலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று மனைவி கேட்டாள். ஒன்றும் கூடவில்லை. செலவழித்ததெல்லாம், இருக்கும் திறனைத் தாங்குவதற்குத்தான். ஏற்றம் இறைத்தவர்கள் துலாவை நீட்டுமுன் நட்ட காலை ஒருமுறை அசைத்துப் பார்த்திருப்பார்கள். பட்டம் வாங்கிய நான் அதைக் கடைசியில்தான் பார்த்தேன்.