மாடி ஏறிய முதுமை

கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவு விலை அடுக்குமாடிகளில் இன்று முதுமை எய்தியிருக்கும் தமிழர் பலர், பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியருக்கென எழுப்பப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்ட நூறு குவார்ட்டர்ஸிலோ, கிள்ளானையொட்டிய புக்கிட் ராஜா போன்ற தோட்டங்களின் லயங்களிலோ தரையோடு ஒட்டி வாழ்ந்தவர்கள். லயம் என்பது தோட்ட நிருவாகம் வேலையோடு சேர்த்துக் கொடுத்த வரிசை வீடாகையால், தோட்டம் நகரமானபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின.

லய வாழ்வைப் பொற்காலமாக வரைவோருக்குக் கங்காணியின் அதிகாரமும் சாதிப் பிரிவும் எளிதில் மறந்துவிடுகின்றன. எனினும் மாலையில் அஞ்சடியில் வந்து உட்கார்ந்தாலே போகிறவர் வருகிறவர் எல்லாம் நலம் விசாரித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. நெருங்கிய நட்பென்று சொல்லத்தகாத, ஆயினும் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் இத்தகைய பழக்கத்தைச் சமூகவியலார் மெல்லிய பிணைப்பு என்பர். வேலை பற்றிய புதிய தகவல்கள் இப்பிணைப்பின் வழியே மிகுதியாக வந்தடைகின்றன என அமெரிக்க அறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வாதிட்டார். முதியோர்க்கு அதன் பயன் வேறு. காலையில் கதவு திறக்கவில்லை என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர், தொலைவில் வேலைபார்க்கும் மகனைக் காட்டிலும், பாசார் மலாயில் இரண்டு சொல் பேசிப் பழகிய எதிர்வீட்டுக்காரரே.

1998-க்குப் பின் பரவிய பி.பி.ஆர். எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில், கோலாலம்பூரில் மூன்று அறை வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளி. வசதியில் இது லயத்தைவிட மேலானதே. ஆனால் பதினைந்தாம் மாடியில் இருப்பவருக்குக் கீழ்த்தளத்து உணவுக்கடையும் கோயிலும் பேச்சுத்துணையும் மின்தூக்கியின் தயவில் உள்ளன. அறுபது வயது கடந்தோருக்கெனச் சமூக நலத்துறையின் ஆதரவில் இயங்கும் பாவே நடவடிக்கை மையங்களுக்குச் செல்வதானாலும் முதலில் கீழே இறங்கியாக வேண்டும்!

சொந்த வீடுகளாக விற்கப்பட்ட அடுக்குமாடிகளில், பொது இடங்களை வீட்டுக்காரர்கள் கூடிப் பராமரிப்பதற்கு வகைசெய்யும் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிருவாகச் சட்டத்தின்படி, மின்தூக்கியைப் பழுதுபார்ப்பது பராமரிப்புக் கட்டணத்தைச் சார்ந்தது. பொதுக்கூட்டத்தில் வாக்கு உரிமையாளருக்கே உண்டு, அவரும் பாக்கி வைத்திருந்தால் அதை இழக்கிறார். மகன் பெயரிலுள்ள வீட்டில் நாள் முழுதும் இருக்கும் தாய்க்கு அங்கே குரலில்லை. இருப்பினும் பதிலாளை அனுப்ப அதே சட்டம் இடந்தருகிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் அந்தத் தாயையே பதிலாளாக எழுதிக் கொடுத்து அனுப்பலாம். மின்தூக்கி எத்தனை நாள் நின்றது என்பது அவருக்குத் தெரியும்.