வழி காட்டியவர்கள்

தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தில், இன்கா மன்னர்கள் அமைத்த கற்பாதை வழியே மச்சு பிச்சு நகருக்கு ஒரு கோஷ்டியாகப் புறப்பட்டோம். தூரம் 43 கிலோமீட்டர். நான்கு நாள் நடை. வழிகாட்டியின்றிச் செல்ல எவருக்கும் அனுமதி கிடையாது.

இரண்டாம் நாள், 4,215 மீட்டர் உயரமுள்ள கணவாயில் நமக்கு மூச்சு முட்டிற்று. கூடாரமும் அடுப்பும் சுமந்த கெச்சுவா இனத்து வாலிபர்களோ நம்மைத் தாண்டி விரைந்தார்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாதென்ற சட்டம் 2001-ல்தான் பிறந்தது!

நான்காம் நாள் காலை, சூரிய வாயிலில் நின்றோம். புராதன நகரம் கீழே விரிந்து கிடந்தது. 1911-ல் ஹிராம் பிங்காம் என்னும் அமெரிக்கர் இதைக் ‘கண்டுபிடித்தார்’ என்பார்கள். அப்போதே அங்கே குடியானவர்கள் பயிரிட்டு வந்தார்கள். அவருக்கு இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியவன் ஓர் ஏழைச் சிறுவன்.

கண்டவர் புகழ் பெற்றார். காட்டியவர்களோ இன்றும் மூட்டை சுமக்கிறார்கள்.