தனிநபர் தகவல் மேலாண்மை

தனிநபர் தகவல் மேலாண்மை என்பது ஒருவர் தம்மிடம் சேரும் மின்னஞ்சல்கள், கோப்புகள், ஒளிப்படங்கள், தொடர்பு எண்கள், சான்றிதழ்களின் படிகள் முதலியவற்றைச் சேமித்து, ஒழுங்குபடுத்தி, தேவைப்படும்போது மீட்டெடுக்கும் செயற்பாடுகளைக் குறிக்கும். ஒரே நபரின் தகவல்கள் அலுவலகக் கணினி, செல்பேசி, மேகச் சேமிப்பகம், பழைய குறுந்தட்டு எனச் சிதறிக் கிடப்பதால், சேமிப்பதைவிட மீண்டும் கண்டுபிடிப்பதே இதில் கடினமான பகுதியாகும்.

வரலாறு

1945 இல் அமெரிக்கப் பொறியியலாளர் வன்னெவர் புஷ், ஒருவரின் நூல்களையும் குறிப்புகளையும் கடிதங்களையும் நுண்படச்சுருளில் சேமித்து, ஒன்றோடொன்று தொடுத்து வைக்கும் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைக் கருவியை விவரித்தார். 1983 இல் தாமஸ் மலோன் அலுவலக மேசைகளை ஆராய்ந்து, பெயரிட்டு அடுக்கிய கோப்புகளுக்கும் வெறும் குவியல்களுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். குவியல் சோம்பலின் அடையாளம் மட்டுமன்று. கண்ணில் படும் இடத்தில் இருப்பதால் முடிக்க வேண்டிய வேலையை அது நினைவூட்டுகிறது. இன்று செல்பேசியின் அரட்டைச் செயலியில் தமக்குத் தாமே செய்தி அனுப்பி வைத்துக்கொள்வோர் செய்வதும் இதுவே.

ஒத்திசைவும் காப்புநகலும்

பழைய 'பாப்' நெறிமுறை மின்னஞ்சலை ஒரு கணினிக்கு இறக்கிவிட்டு, பெரும்பாலும் வழங்கியிலிருந்து நீக்கிவிடும். 1986 இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' அஞ்சலை வழங்கியிலேயே வைத்திருந்து எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நிலையைக் காட்டுகிறது. இவ்வாறு பல கருவிகளில் ஒரே நிலையைப் பேணுவது ஒத்திசைவு எனப்படும். இதனைக் காப்புநகல் எனக் கருதுவது பரவலான பிழை. ஒரு கருவியில் தவறுதலாக அழித்த கோப்பு, ஒத்திசைவின் இயல்பாலேயே மற்றக் கருவிகளிலிருந்தும் அழிந்துவிடும்.

தமிழ்க் கோப்புகள்

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தஸ்கி, தாப், தாம், பாமினி, வானவில் எனப் பல குறிமுறைகள் புழங்கின. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தாம், தாப் ஆகியவற்றைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் அழியவில்லை. ஆனால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தோன்றும். தேடுபொறியும் அவற்றில் தமிழ்ச் சொல்லைக் காணாது. குறிமாற்றிகள் கிடைக்கின்றன எனினும், எந்தக் குறிமுறையில் எழுதினோம் என்பது எழுதியவருக்கே நினைவிருப்பதில்லை.

ஒருங்குறியிலும் இச்சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. 'ஸ்ரீ' என்னும் எழுத்தை 'ஸ'கரத்தைக் கொண்டும், 2005 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட 'ஶ'கரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் வெவ்வேறு. செல்பேசியில் இருக்கும் ஸ்ரீதரைத் தேடிக் கிடைக்காமற் போவது இதனாலும் நேரலாம்.

பெயர்களும் ஊர்களும்

முகவரி மென்பொருள்கள் பெரும்பாலும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் மேலைநாட்டு முறையையே கொள்கின்றன. தமிழர் பெயரின் தலைப்பெழுத்து இவற்றில் எங்கும் பொருந்துவதில்லை. ஒரு கருவியில் முன்னும் மற்றொன்றில் பின்னுமாக அமைந்து, ஒருவரே இருவராகிவிடுவர். தோல் தொழில் நடைபெறும் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் உருது பேசும் குடும்பங்களும் வாழ்வதால், ஒரே பெயர் தமிழ், ஆங்கிலம், உருது என மூன்று எழுத்துகளில் பதிவாகக்கூடும்.

ஊர்ப்பெயரால் கோப்புறை அமைப்பதிலும் இடர் உண்டு. 1989 வரை ஆம்பூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்திலும், அதன் பெயர் மாறியபின் வேலூர் மாவட்டத்திலும், 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அமைந்தது. சவ்வாது மலையை ஒட்டிய அமிர்தியோ வேலூர் மாவட்டத்திலேயே நீடிக்கிறது. ஆகவே ஆம்பூரில் ஒரே வீட்டில் வாழும் தாத்தா, மகன், பேத்தி ஆகியோரின் சான்றிதழ்கள் வெவ்வேறு மாவட்டப் பெயர்களைத் தாங்கியிருக்கலாம். 'வேலூர்' எனத் தேடினால் அவற்றுள் சில மட்டுமே அகப்படும். ஆவண வகை, ஆண்டு, உரியவர் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது இங்கு மாவட்ட வாரியான கோப்புறைகளைவிடப் பயன் தரும்.

2015 இல் இந்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் சேவையில், வழங்கும் அலுவலகமே நேரடியாக அளிக்கும் மின்னாவணம் மூலப்படிக்கு இணையாக ஏற்கப்படுகிறது. பயனர் தாமே வருடிப் பதிவேற்றிய படத்திற்கு அத்தகுதி இல்லை.