ஏழு வாக்குகளில் மூடிய கதவு

முதல் உலகப் போரில் வென்ற அணியில் நின்ற அமெரிக்கா, போர் முடிந்ததும் ஏன் ஒதுங்கிக்கொண்டது என்று நேயர் ஒருவர் கேட்டிருந்தார். மக்களுக்குப் போர் அலுத்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான்.

அலுப்பு இருந்தது, மறுக்கவில்லை. 1917 ஏப்ரலில் போரில் இறங்கிய அந்நாடு சுமார் 1,16,000 வீரர்களைப் பறிகொடுத்தது. ஆனாலும், இனிப் போர் வராமல் தடுக்கச் சர்வதேச சங்கம் ஒன்று வேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவரே அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன்தான்.

அச்சங்கத்தின் 10ஆவது விதிதான் இடித்தது. உறுப்பு நாடொன்று தாக்கப்பட்டால் மற்றவை துணை நிற்க வேண்டும் என்றது அது. நம் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவதை நம் நாடாளுமன்றமே முடிவு செய்யட்டும் என்று, செனட்டர் ஹென்றி கெபட் லாட்ஜ் நிபந்தனைகளைச் சேர்த்தார். யோசித்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வில்சன் இறங்கி வரவில்லை. மக்களிடமே பேசுகிறேன் என்று 1919 செப்டம்பரில் ரயிலேறி ஊர் ஊராகச் சென்றார். வழியிலேயே உடல் தளர்ந்தது. அக்டோபர் 2ஆம் தேதி பக்கவாதம் தாக்கியது. படுக்கையில் கிடந்தபோதும், நிபந்தனைகளோடு வரும் ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள் என்றே தம் கட்சியினருக்குச் சொல்லி அனுப்பினார்.

1920 மார்ச் 19ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் ஏழு வாக்குகள் குறைந்தன. எதிர்த்த 35 பேரில் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள்! சேரலாம் என்று சொன்னவர்களே அதிகம், ஆனாலும் அமெரிக்கா சேரவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன: 1924இல் குடிநுழைவுக் கட்டுப்பாடு, 1930இல் கடும் இறக்குமதி வரி, 1935 முதல் நடுநிலைச் சட்டங்கள். வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

1941 ஆகஸ்டில்கூட, கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா கீழவையில் 203க்கு 202 என்று ஒரே வாக்கில்தான் தப்பியது. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய வேளையில், ஜப்பானியர் நம் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கினார்கள். சிறிது நேரத்தில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. அங்கே அப்போது 7ஆம் தேதி காலை. மறுநாள் போர்ப் பிரகடனம் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 82. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.