சகோதரியாவதற்கும் ஒரு சிபாரிசுக் கடிதமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அனுமதி பெறும் மாணவியர் பலர், முதலாண்டின் தொடக்கத்திலேயே 'சொரோரிட்டி' எனப்படும் மாணவியர் சங்கங்களில் இணைய விழைகின்றனர். கிரேக்க எழுத்துகளைப் பெயராகத் தாங்கிய இச்சங்கங்களின் உறுப்பினர் தம்முள் சகோதரிகளாவர். பல வளாகங்களில் ஒரே இல்லத்தில் வாழ்வர். அவ்வுறவு பட்டம் பெற்ற பின்னர் தொழில் வாய்ப்புகளுக்கும் வழிதிறப்பதுண்டு. எனவே, புலம்பெயர்ந்த பெற்றோர் இதனை வெறும் கேளிக்கை என ஒதுக்கிவிடலாகாது.

இங்கு கோரப்படும் கடிதம் பேராசிரியர் வழங்கும் நற்சான்று அன்று. அந்தந்தச் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவர், மாணவியின் கல்வி, பொதுப்பணி, குணநலன் ஆகியவற்றுக்குச் சாட்சி கூறி எழுதுவது. தென் மாநிலங்களில் ஒவ்வொரு சங்கத்துக்கும் தனித்தனியே கடிதம் திரட்டும் வழக்கம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. தாயும் பாட்டியும் உறுப்பினராயிருந்த வீடுகளுக்கு இது எளிது. அகதியாக வந்திறங்கிய குடும்பத்தின் மகளோ யாருடைய கதவைத் தட்டுவாள்?

கடிதத்தின் பலம் எவ்வளவு?

கடிதம் எவருக்கும் இடத்தை உறுதிசெய்வதில்லை. பல நாட்கள் நிகழும் சந்திப்புகளின் பின்னர் உறுப்பினரே வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர். பரீட்சைப் புள்ளிகள் குறைந்தவரைக் கடிதம் காப்பாற்றுவதும் அரிது. ஆனால் பெருந்தொகையானோர் போட்டியிடும் வளாகங்களில், கடிதம் இன்மை ஒருவரை விலக்குவதற்கு வசதியான காரணமாகிவிடக்கூடும்.

அலபாமாப் பல்கலைக்கழகம் இதற்குச் சான்று. 1963இல் மாநில ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் வாயிலில் நின்று தடுத்தும் கறுப்பின மாணவர் இருவர் அங்கு அனுமதி பெற்றனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2013 செப்டெம்பரில், சிறந்த பெறுபேறுகள் கொண்ட கறுப்பின மாணவி ஒருவர் சங்கங்களால் நிராகரிக்கப்பட்டதை மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் வைற்' வெளிக்கொணர்ந்தது. ஒரு சங்கத்தில் இளம் உறுப்பினர் சிலர் அவரை ஏற்க விரும்பியபோது, முன்னாள் உறுப்பினர்கள் பரிந்துரைக் கடித விதியைக் காட்டி வாக்கெடுப்பையே தவிர்த்தனர் என்பது அதன் செய்தி. மாணவர் பேரணி நடத்தினர். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பொனரின் உத்தரவின் பேரில் சேர்க்கை மீளத் திறக்கப்பட்டது. கறுப்பின மாணவியர் சிலர் அழைப்புப் பெற்றனர்.

2020இல் இனநீதிக்கான போராட்டங்கள் எழுந்த பின்னர், பல தேசியச் சங்கங்கள் கடிதக் கட்டாயத்தையும் உறுப்பினரின் பிள்ளைகளுக்கான முன்னுரிமையையும் கைவிட்டன. ஆயினும் எல்லாச் சங்கங்களும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை.

ஆகவே, மகள் இணைய விரும்பின், கோடை விடுமுறைக்கு முன்னரே ஒவ்வொரு சங்கத்தின் விதியையும் வளாக அலுவலகத்தில் விசாரித்தறிதல் நன்று. கடிதம் தேவையெனில் அவளை நேரில் அறிந்த ஆசிரியை, அயலவர், சகதொழிலாளி ஆகியோருள் முன்னாள் உறுப்பினர் உளரா எனக் கேட்கலாம். கேட்பதில் இழிவில்லை. அறிமுகமற்றவரின் புகழுரையை விலை கொடுத்துப் பெறுவதே இழிவு.

அழைப்புக் கிட்டாவிடின் அது அவளது தகுதிக்கு எழுதப்பட்ட தீர்ப்பும் அன்று. யார் வீட்டாருக்கு யாரைத் தெரியும் என்பதையே அக்கடிதம் பெரிதும் அளந்து வந்திருக்கிறது. இதனைப் பெற்றோர் முன்கூட்டியே மகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.