மடிக்கணினியின் கம்பியில்லா அட்டையை மேம்படுத்தல்

கம்பியில்லா அட்டை என்பது மடிக்கணினியைக் கம்பித் தொடர்பின்றி வலையமைப்புடன் இணைக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை ஆகும். பேச்சு வழக்கில் இது வைஃபை கார்டு எனப்படுகின்றது. பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் இது தாய்ப்பலகையின் ஒரு செருகுவாயில் தனி உறுப்பாகப் பொருத்தப்பட்டுள்ளது. எனவே கணினியின் பிற பகுதிகளைத் தொடாமல் இதை மட்டும் கழற்றி, புதிய தரத்தில் அமைந்த அட்டையைப் பொருத்த இயலும். ஆனால் விற்பனையில் உள்ள எந்த அட்டையும் எந்தக் கணினியிலும் இயங்கும் என்று கொள்ள முடியாது. செருகுவாய், பயாஸ், அலைவாங்கி, இயக்கி மென்பொருள் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். நான்கும் ஒத்துப்போன பின்னரும், கணினி பயன்படும் இடத்தைப் பொறுத்தே அட்டை மாற்றம் பயன் தருகின்றது.

தமிழ்நாட்டில் இதன் தேவை

தமிழ்நாட்டில் இவ்வகை மேம்பாடு பரவலான தேவையாக இருப்பதற்கு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒரு முக்கிய காரணம் எனலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்ற மாணவர்களுக்கும், அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் இவற்றைக் கொள்முதல் செய்தது. எச்.சி.எல், லெனோவா, ஏசர் முதலிய நிறுவனங்களின் கணினிகள் இதில் அடங்கும். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. அந்தப் பத்தாண்டில் வழங்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி இதுவே. அண்ணனோ அக்காவோ பெற்ற கணினியைத் தம்பி தங்கையர் தொடர்ந்து பயன்படுத்துவதும் வழமை. இக்கணினிகள் அனைத்தும் உத்தரவாதக் காலத்தைக் கடந்துவிட்டன. நினைவகத்தைக் கூட்டி, வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டைப் பொருத்தினால் எழுதுவதற்கும் நிரலாக்கம் பயில்வதற்கும் இன்றும் போதுமானவையே. இணைய இணைப்பு மட்டும் பின்தங்கி நிற்கின்றது. ஏனெனில், 2010களின் முற்பகுதியில் வந்த மலிவு விலை மடிக்கணினிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் அட்டைகளே பெரும்பாலும் இடம்பெற்றன. வீட்டில் 5 கிகாஹெர்ட்சில் இயங்கும் திசைவி, அதாவது ரவுட்டர் இருந்தாலும் அந்த அலைவரிசை இக்கணினியின் பட்டியலில் தோன்றாது. கணினி பழுதாகிவிட்டதென்று பலர் எண்ணுவது இதனால்தான்.

அலைவரிசையும் இடமும்

வைஃபை தரங்களில் 1999இல் வந்த 802.11பி நொடிக்கு 11 மெகாபிட் வரையும், 2003இல் வந்த 802.11ஜி 54 மெகாபிட் வரையும் ஆற்றல் உடையவை. 2009இல் ஏற்கப்பட்ட 802.11என் ஒற்றை அலைவாங்கியுடன் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 72 மெகாபிட் வரை தரும். 2013இல் ஏற்கப்பட்ட 802.11ஏசி 5 கிகாஹெர்ட்சில் மட்டும் இயங்குவது. இரண்டு அலைவாங்கிகளுடன் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 867 மெகாபிட் வரை எட்டும். இவை யாவும் ஏட்டளவு வேகங்கள். நடைமுறையில் இவற்றில் பாதி கிடைத்தாலே நல்ல இணைப்பு எனலாம்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005இல் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வீட்டுக்கு வெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்த 2018இல் விரிவான அனுமதி கிடைத்தது.

2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்று மட்டுமே (1, 6, 11). புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. சேலம் நகரின் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை போன்று வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய பகுதிகளில், ஒரே அறையிலிருந்து அண்டை வீடுகளின் பல திசைவிகள் தெரியும். அவை அனைத்தும் இந்த மூன்று தடங்களையே பங்கிட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. இத்தகைய இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அட்டை தெளிவான மாற்றத்தைத் தரும். ஒளியிழை இணைப்பும் இருந்துவிட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

நாமக்கல் பக்கத்துத் தோட்டத்து வீடுகளிலும் சேலம் வட்டாரத்துக் காட்டுக் கொட்டாய்களிலும் நிலைமை வேறு. வயலுக்கு நடுவே தனித்து நிற்கும் வீட்டில் போட்டியிடும் திசைவிகள் இல்லை. இணையம் பெரும்பாலும் கைபேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகவே வருகின்றது. கைபேசிக்கு வந்து சேரும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், அட்டையின் ஆற்றல் 72 ஆனாலும் 867 ஆனாலும் பயனருக்குக் கிடைப்பது 10தான். மேலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஊடுருவுவதில் பின்தங்கியது. திண்ணையில் கைபேசியை வைத்து உள்ளறையில் படிப்பவருக்குப் பழைய 2.4 கிகாஹெர்ட்சே உகந்தது. அத்தகைய வீட்டில் அட்டைக்குச் செலவிடுவது வீண். கைபேசியைச் சமிக்ஞை நன்கு கிடைக்கும் சன்னலோரம் நகர்த்திவைப்பதால் வரும் பயனே மிகுதி.

எனவே அட்டையை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்வது நலம். அதே இடத்தில், அதே இணைப்பில் ஒரு புதிய கைபேசியின் வேகத்தையும் மடிக்கணினியின் வேகத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் குறை அட்டையில் இல்லை.

செருகுவாய் வகைகள்

2000களின் முற்பகுதிக் கணினிகளில் மினி பி.சி.ஐ வகை இருந்தது. அதன்பின் மினி பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் வந்தது. 52 முனைகள் கொண்ட இவ்வட்டை முழு அளவு (30 × 51 மி.மீ), அரை அளவு (30 × 27 மி.மீ) என இரு நீளங்களில் கிடைக்கின்றது. திட்டத்தின் முதல் ஆண்டுகளைச் சேர்ந்த மடிக்கணினிகளின் காலத்தில் அரை அளவே வழக்கில் இருந்தது. பின்னர் வந்த கணினிகளில் எம்.2 எனப்படும் வகை, 22 × 30 மி.மீ அளவில் இடம்பெற்றது. எம்.எஸ்.ஏ.டி.ஏ என்னும் சேமிப்பு வட்டுக்கான செருகுவாயும் மினி பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் போன்ற அதே தோற்றம் உடையது. ஆகவே காலியாக உள்ள வாயில் செருகாமல், பழைய அட்டை இருந்த வாயிலேயே புதியதைச் செருக வேண்டும்.

எம்.2 அட்டைகளில் ஒரு கண்ணி உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 9560, ஏ.எக்ஸ்201, ஏ.எக்ஸ்211 ஆகியவை சி.என்.வி.ஐ என்னும் முறையில் அமைந்தவை. இவற்றின் பணியில் ஒரு பகுதியைக் கணினியின் சில்லே செய்கின்றது. அதற்கு இடமளிக்கும் புதிய இன்டெல் கணினிகளில் மட்டுமே இவை இயங்கும். பழைய கணினிகளிலும் ஏ.எம்.டி கணினிகளிலும் இவை செருகப்படும், ஆனால் உயிர்பெறா. பெயரில் ஓர் எண் மட்டும் மாறிய ஏ.எக்ஸ்200, ஏ.எக்ஸ்210 ஆகியவை வழக்கமான பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் முறையில் அமைந்தவை. இவற்றைப் பழைய மினி வாயிலில் பொருத்துவதற்கான மாற்றிப் பலகைகளும் விற்பனையில் உள்ளன. சில மெல்லிய கணினிகளில் கம்பியில்லாச் சில்லு தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றத்திற்கு வழியில்லை.

பயாஸ் தடை

சில நிறுவனங்கள் தம் மடிக்கணினிகளின் பயாஸ் மென்பொருளில், ஏற்கத்தக்க அட்டைகளின் பட்டியலைப் பதித்திருந்தன. பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால் கணினி தொடங்கவே மறுக்கும். லெனோவாவின் பழைய திங்பேட் கணினிகளில் 1802 என்ற பிழை எண்ணும், எச்.பி கணினிகள் சிலவற்றில் 104 என்ற எண்ணும் திரையில் தோன்றுவது பரவலாக அறியப்பட்டது. கணினி, அட்டை, அலைவாங்கி மூன்றையும் ஒரே தொகுதியாகக் கொண்டு வானொலி ஒழுங்குமுறைச் சான்று பெறப்படுவது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பயனரின் தெரிவைக் குறைக்கும் ஏற்பாடு என்ற குறைகூறலும் எழுந்தது.

இத்தடை உள்ள கணினிக்கு, அதே நிறுவனத்தின் உதிரிப்பாக எண் கொண்ட அட்டையே பாதுகாப்பான வழி. ஒரே சில்லைக் கொண்ட அட்டையாயினும் உதிரிப்பாக எண் வேறானால் ஏற்கப்படாமல் போகலாம். பயாசைத் திருத்தி எழுதும் முறைகளும் உள்ளன. திருத்தம் இடையில் தவறினால் தாய்ப்பலகையே செயலற்றுப் போகும் என்பதால், சில நூறு ரூபாய் அட்டைக்காக ஒரு மாணவர் தம் ஒரே கணினியை இவ்வாறு இடருக்கு உள்ளாக்குவது அறிவுடைமை ஆகாது. பிழைச்செய்தி வந்தால் பழைய அட்டையைத் திரும்பப் பொருத்தினால் கணினி முன்போலத் தொடங்கும்.

இயக்கி மென்பொருள்

டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் கிடைக்கின்றதா என்பதை வாங்குவதற்கு முன்பே அறிய வேண்டும். ஏ.எக்ஸ்200 அட்டைக்கு இன்டெல் விண்டோஸ் 10இன் 64-பிட் பதிப்பு முதலே இயக்கி அளித்துள்ளது. விண்டோஸ் 7இல் நீடிக்கும் கணினிக்கு 7260 போன்ற முந்தைய அட்டையே பொருந்தும். ஆயினும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவுற்றன. எனவே இக்கணினிகளில் லினக்ஸ் நிறுவுவது கருதத்தக்கது. லினக்சில் ஏ.எக்ஸ்200 அட்டைக்குக் கருனியின் 5.1 பதிப்பு முதலும், ஏ.எக்ஸ்210 அட்டைக்கு 5.10 முதலும் ஆதரவு உள்ளது. பாஸ் லினக்சின் பழைய பதிப்புகள் இவற்றை அறியா.

மாற்றும் முறை

புதிய இயக்கியை முன்னரே பதிவிறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையை மாற்றியபின் அதைப் பதிவிறக்க இணையம் இராது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கணினியை முழுமையாக நிறுத்தி, மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கலத்தை அகற்ற வேண்டும். மின்கலம் உள்ளே பதிக்கப்பட்ட கணினியாயின், அடிமூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பியைக் கழற்ற வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் சில்லைப் பழுதாக்கக்கூடும். நிலத்தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பணியைத் தொடங்குவது வழக்கம்.

அட்டையின் மேல் ஒன்று முதல் மூன்று வரை மெல்லிய கம்பிகள் இணைந்திருக்கும். இவை திரையின் சட்டகத்தில் பதிந்துள்ள அலைவாங்கிகளிலிருந்து கீல் வழியாக வருபவை. ஒரு கம்பி முதன்மைக்கும் மற்றொன்று துணைக்கும் உரியவை என்பது பொது வழக்கு. எனவே கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. கம்பியைப் பிடித்து இழுக்காமல், முனையை நகத்தால் நேர்மேலாக நெம்பி எடுக்க வேண்டும். திருகாணியை நீக்கியதும் அட்டை சாய்வாக எழும். அதே சாய்வில் வெளியே இழுக்கலாம். புதியதை அவ்வாறே செருகி, அழுத்தி, திருகாணியிட்டு, கம்பி முனைகளை மெல்லிய சொடுக்கு ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

எம்.2 அட்டைகளின் முனைகள் பழையவற்றைவிடச் சிறியவை. மினி அட்டைக்கு உரிய கம்பி அவற்றில் பொருந்தாது. மாற்றிப் பலகையைத் தெரிவு செய்வோர் இதனையும் கவனிக்க வேண்டும். கணினியில் ஒரே அலைவாங்கிக் கம்பி இருந்தால், இரண்டு முனை கொண்ட அட்டையும் பாதி வேகமே தரும். கம்பி சரியாகப் பதியாத அட்டை, அருகில் உள்ள திசைவியை மட்டும் கண்டு, அடுத்த அறைக்குச் சென்றதும் இணைப்பை இழக்கும். அட்டை பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புமுன் இதைச் சோதிப்பது நன்று. வைஃபை இயங்கி புளூடூத் மட்டும் இயங்காவிடில், அச்செருகுவாயில் யு.எஸ்.பி தடம் இணைக்கப்படாதது காரணமாக இருக்கலாம். புளூடூத் அத்தடத்தின் வழியாகவே கணினியுடன் பேசுகின்றது.

பாதுகாப்பு

1990களின் வெப் குறியாக்கம் 2001லேயே உடைக்கப்பட்டது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ2 முறையை மேற்கண்ட அட்டைகள் யாவும் ஏற்கும். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ3 முறை மட்டும் இயங்குமாறு அமைக்கப்பட்ட திசைவியுடன் பழைய அட்டைகள் பல இணையா. இந்நிலையில் அட்டையை மாற்றாமல், திசைவியை இரு முறைகளையும் ஏற்கும் கலப்பு அமைப்புக்கு மாற்றினாலே போதும். மறுபுறம், 2017இல் வெளிப்பட்ட கிராக் என்னும் டபிள்யூ.பி.ஏ2 குறைபாடு மென்பொருள் இற்றைப்படுத்தலால் சரிசெய்யப்பட்டது. இற்றைப்படுத்தாத கணினியில் புதிய அட்டையைப் பொருத்துவதால் மட்டும் அக்குறை நீங்காது.

மாற்று வழிகள்

பயாஸ் தடை உள்ள கணினிக்கு யு.எஸ்.பி வைஃபை சாதனம் எளிய தீர்வாகும். கணினியைத் திறக்க வேண்டியதில்லை, பட்டியல் தடையும் இதற்கு இல்லை. யு.எஸ்.பி 2.0 வாயிலின் உச்சம் நொடிக்கு 480 மெகாபிட் என்பதால் 802.11ஏசியின் முழு வேகம் கிட்டாது. பாடக் காணொளிகளுக்கு அது குறையன்று. லினக்ஸ் பயனர்கள், கருனியிலேயே இயக்கி உள்ள சில்லைத் தெரிவு செய்வது நல்லது. எடுத்துக்காட்டாக, மீடியாடெக் எம்.டி7612யு சில்லுக்கு 4.19 பதிப்பு முதல் ஆதரவு உள்ளது. திசைவிக்கு அருகிலேயே அமர்ந்து படிப்பவருக்கு ஈதர்நெட் கம்பி ஒன்றே போதுமானது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள நொடிக்கு 100 மெகாபிட் வாயில், நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைவிட விரைவாகவும் சீராகவும் இயங்கும்.