திருநங்கை எனப்படுபவர் யார்?

விளாத்திகுளம் வட்டாரக் குடும்பங்களுக்கு இவ்வினா தொலைவானதன்று. 2018-இல் தூத்துக்குடிக் கோயிலொன்றில் திருநங்கை ஒருவர் மணம் புரிந்தார், பதிவு மறுக்கப்பட்டது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்னும் சொல் அவரையும் குறிக்கும் என்றது. அறுவைச் சிகிச்சை அன்று, உள்ளம் உணரும் பாலினமே அளவுகோல் என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

திருச்சபையின் நோக்கு வேறு. உடல் இறைவனின் கொடை. பாலின மாற்றச் சிகிச்சை மனித மாண்புக்கு ஊறு செய்யக்கூடும் என 2024-இல் உரோமை உரைத்தது. பிறவியிலேயே உறுப்பில் குறையுடையோர்க்கு மருத்துவ உதவியை அது விலக்கவில்லை. இவ்விரு நோக்கும் இணங்கும்வரை, பெற்ற பிள்ளைக்கு நாம் வாயிலை அடைத்துவைப்பதோ? 2023-இல் அதே உரோமை, விசுவாசிகளிடையே இடறலுக்கு இடமில்லாவிடில் திருநங்கையரும் ஏனையோரைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம் என விடையளித்தது. சிகிச்சை பெற்றவர்க்கும் இது பொருந்தும்.